அத்தியாயம் 6: லாட்ஜில் மாதக் கணக்கில் தங்குவது – எதுவரை லாபம், எப்போது நஷ்டம்

பள்ளிக்கரணை, மேடவாக்கம், கோவிலம்பாக்கம் பக்கம் வீடு தேடி அலைந்தவர்களுக்கு வாடகையைவிட அட்வான்ஸ்தான் பெரிய தலைவலி. வாடகையை மாதா மாதம் சம்பளத்திலிருந்து கொடுத்துவிடலாம். ஐந்து மாத வாடகையை, ஆறு மாத வாடகையை ஒரே நாளில் கொண்டுவந்து வை என்றால் எங்கே போவது? அதற்கு மேல் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று இன்னொரு மாத வாடகை பிடித்தம். 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு மூன்று மாத வாடகையைத்தான் முன்பணத்துக்கு அளவாக வைத்திருக்கிறது. வீட்டுக்காரர்கள் கேட்பது என்னவோ அவர்கள் வழக்கப்படிதான்.

இந்த நிலையில் பலருக்குத் தோன்றும் யோசனை: பேசாமல் ஒரு சின்ன லாட்ஜில் மாத ரேட் பேசி இருந்துவிட்டால் என்ன? கட்டில், மெத்தை, ஃபேன், கரண்ட், தண்ணீர், வைஃபை எல்லாம் அதிலேயே வந்துவிடும். பெட்டியோடு போகலாம், பெட்டியோடு வரலாம்.

நல்ல யோசனைதான், ஆனால் அதற்குக் காலக்கெடு உண்டு. குறிப்பிட்ட மாதங்கள் வரை லாட்ஜ் மிச்சம் பிடித்துக் கொடுக்கும். அதைத் தாண்டி ஒவ்வொரு மாதமும் கையைக் கடிக்கும். அந்த எல்லை உங்களுக்கு எங்கே விழுகிறது என்று கண்டுபிடிப்பதும், அதற்குள் வெளியேறத் தயாராவதும்தான் இந்த அத்தியாயத்தின் வேலை.

யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது

சென்னைக்கு இது புதிய பழக்கம் அல்ல. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் ஒற்றை அறையில் பத்து, இருபது வருடம் இருந்தவர்கள் உண்டு. அரசு வேலைக்குப் படித்தவர்கள், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள், சினிமாவில் வாய்ப்புத் தேடியவர்கள் என்று பெரிய கூட்டமே அப்படி வாழ்ந்தது. 2000 இல் டைடல் பார்க் வந்து, பழைய மகாபலிபுரம் சாலை நெடுக மென்பொருள் அலுவலகங்கள் பெருகிய பிறகு, தென்சென்னைப் புறநகரில் மேன்ஷனின் இடத்தைப் பி.ஜி. விடுதிகள் பிடித்துக்கொண்டன.

எனவே முதல் விதி இது. நீங்கள் தனி ஆள், இன்னொருவரோடு அறையைப் பகிர்ந்துகொள்ள உங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்றால், லாட்ஜ் பக்கமே போகாதீர்கள். மூன்று வேளைச் சாப்பாட்டோடு ஷேரிங் கொடுக்கும் பி.ஜி.க்கு முன்னால் எந்த லாட்ஜ் கணக்கும் நிற்காது. பெண்கள் அதற்கும் முன்னால், தாம்பரம் சானடோரியத்தில் அரசு நடத்தும் தோழி விடுதியில் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். தனியார் விடுதி என்றால், பெண்கள் விடுதிகளுக்கான 2014 சட்டப்படி பதிவு செய்ததுதானா என்று பார்த்துச் சேருங்கள்.

லாட்ஜ் பொருந்துவது வேறு ஆட்களுக்கு:

– மூன்று, நான்கு மாத ஒப்பந்த வேலைக்கு வந்தவர்கள்.
– ரேலா, காமாட்சி, க்ளெனீகிள்ஸ் போன்ற மருத்துவமனைகளிலோ, தாம்பரம் சானடோரியத்தின் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலோ நீண்ட சிகிச்சைக்கு வந்திருக்கும் குடும்பங்கள்.
– ஃபிளாட் சாவி கைக்கு வரக் காத்திருக்கும் தம்பதி.
– ‘பேச்சுலருக்குக் கொடுப்பதில்லை’, ‘சைவம் மட்டும்’ என்று வீட்டுக்காரர்கள் கைவிரித்தவர்கள்.
– இந்தப் பக்கம் நமக்கு ஒத்துவருமா என்று பார்த்துவிட்டுப் பிறகு வீடு பிடிக்க நினைப்பவர்கள்.

கணக்கு

கீழே இருப்பது மாதிரிக் கணக்கு. எண்களை மாற்றி உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்; கணக்குப் போடும் முறைதான் முக்கியம்.

ஒரு படுக்கையறை வீடு, வாடகை ரூ.12,000, அட்வான்ஸ் ரூ.60,000 என்று வைத்துக்கொள்வோம். அட்வான்ஸ் திரும்பி வரும் பணம், ஆகவே செலவில் சேராது. ஆனால் போய்த் திரும்பாத பணம் என்று ஒன்று இருக்கிறது. புரோக்கர் ரூ.12,000. பெயின்ட் பிடித்தம் ரூ.12,000. கட்டில், மெத்தை, அடுப்பு, பாத்திரம் வாங்கிப் பிறகு பாதி விலைக்குத் தள்ளிவிடுவதில் நஷ்டம் ரூ.15,000. சாமான் ஏற்றி இறக்க ரூ.4,000. ஆக ரூ.43,000.

அந்த வீட்டின் மாதச் செலவு: வாடகை 12,000, மெயின்டனன்ஸும் தண்ணீரும் 1,000, கரண்ட் 800, இன்டர்நெட் 600, ஒருவருக்கு வீட்டுச் சமையல் 4,000. மொத்தம் ரூ.18,400.

லாட்ஜில் நாளுக்கு ரூ.600 என்று பேசி முடித்தால் மாதம் 18,000. சலவைக்கு 800. மூன்று வேளையும் வெளிச் சாப்பாடு நாளுக்கு 250 வீதம் 7,500. மொத்தம் ரூ.26,300.

வித்தியாசம் மாதம் ரூ.7,900. வீடு பிடிப்பதில் போய்த் திரும்பாத 43,000 ஐ இதால் வகுத்தால் ஏறக்குறைய ஐந்தரை மாதம். ஐந்து மாதம் வரை லாட்ஜ் லாபம். ஆறாவது மாதத்திலிருந்து வீடு லாபம்.

அட்வான்ஸுக்குக் கடன் வாங்குகிறவராக இருந்தால் எல்லை தள்ளிப்போகும். ரெண்டு வட்டிக்கு 60,000 வாங்கினால் மாதம் 1,200 வட்டிக்கே போய்விடும். வித்தியாசம் 6,700 ஆகக் குறைந்து, லாட்ஜ் ஆறு மாதம் தாண்டியும் தாங்கும்.

தம்பதி என்றால் கணக்கு தலைகீழாகிறது. அறை வாடகை அதேதான், ஆனால் வெளிச் சாப்பாடும் சலவையும் இரட்டிப்பு. லாட்ஜில் மாதம் 34,600, வீட்டில் 22,400. வித்தியாசம் 12,200. மூன்றரை மாதத்திலேயே லாபம் தீர்ந்துவிடுகிறது. அதே தம்பதிக்குச் சமையல் வசதியுள்ள அறை அதே வாடகைக்குக் கிடைத்தால் லாட்ஜ் செலவு 27,600 ஆக இறங்கி, எல்லை எட்டு மாதத்துக்கு நீள்கிறது.

அதாவது, தம்பதிக்கு வித்தியாசத்தைப் பெருக்குவது அறை வாடகையைவிட சாப்பாடுதான். நாள் வாடகையில் ஐம்பது ரூபாய் குறைக்க மேனேஜரோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டுபவர்கள், சமைக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. முதலில் அதைக் கேளுங்கள்.

எந்தப் பக்கம் தேடலாம்

*வேளச்சேரி–தாம்பரம் பிரதான சாலை.* பள்ளிக்கரணையின் முதுகெலும்பு இந்தச் சாலைதான். தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், பொறியியல், பல் மருத்துவக் கல்லூரிகள் எல்லாம் இதையொட்டித்தான். பஸ் வசதி உண்டு. ஒரு பக்கம் வேளச்சேரி பறக்கும் ரயில், மறு பக்கம் தாம்பரம் மின்சார ரயில். சாலையைப் பார்த்த அறையில் இரவெல்லாம் ஹாரன் சத்தம் கேட்கும் என்பதால் உள்தெருவில் தேடுங்கள், அல்லது பின்பக்க அறையைக் கேளுங்கள்.

*துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலை.* அலுவலகம் துரைப்பாக்கத்திலோ பெருங்குடியிலோ இருந்தால் இது வசதி. மருத்துவமனையை நம்பி நடக்கும் தங்குமிடங்களும் இங்கே உண்டு.

*பெரும்பாக்கம், மேடவாக்கம்.* வெளி மாநில நோயாளிகளின் குடும்பங்கள் வந்து தங்குவதால், பொதுச் சமையலறையோ அறைக்குள் சின்னச் சமையல் மேடையோ உள்ள கெஸ்ட் ஹவுஸ்களை இங்கே தேடுவது பலன் தரும். நோயாளி இல்லாதவர்களும் போய்க் கேட்கலாம்.

*தாம்பரம் ரயில் நிலையச் சுற்றுப்புறம்.* பழைய பாணி லாட்ஜ்கள். ரயில் பிடித்து வேலைக்குப் போகிறவர்களுக்குச் சரி. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தென் மாவட்டப் பயணிகள் போய்வரும் வாசலும் இந்தப் பக்கமாகிவிட்டது. பொங்கல், தீபாவளியை ஒட்டி நாள் வாடகை ஏறும். அப்போது மாத வாடகைக்காரரைக் காலி செய்யச் சொல்லும் ஆசை லாட்ஜ்காரருக்கு வரலாம். பண்டிகை நாட்களிலும் இதே ரேட்தான் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

இடத்தை முடிவு செய்யும்போது பஸ் செலவையும் சேருங்கள். மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் விருப்பம்போல் பயணிக்கும் மாதப் பாஸ் ரூ.1,000. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமே இல்லை. வாடகையில் ஆயிரம் மிச்சம் என்று ஒதுக்குப்புறமாகப் போய், தினமும் ஆட்டோவுக்கு இருநூறு கொடுப்பதில் அர்த்தமில்லை.

அறையைப் பார்க்கும் முறை

காலையில் போய்ப் பார்க்காதீர்கள். எல்லா அறையும் காலையில் நன்றாகத்தான் இருக்கும். மாலை ஆறரைக்கு மேல் போங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி என்பதால் கொசு வரும் நேரம் அது. காற்று அடிக்கும் திசையைப் பொறுத்துப் பெருங்குடிக் குப்பைக் கிடங்கின் நாற்றம் எட்டுகிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும். ஜன்னலுக்குக் கொசுவலை இருக்கிறதா, கிழிசல் இல்லாமல் இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்.

அடுத்து மெத்தை. பெட்ஷீட்டை உருவிவிட்டு, மெத்தையின் ஓரத் தையலை விரலால் விரித்து, செல்போன் டார்ச்சை அடியுங்கள். மிளகைப் பொடித்துத் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. கட்டிலின் தலைமாட்டுப் பலகை சுவரோடு சேரும் இடுக்கையும் பாருங்கள். ‘மருந்து அடிச்சுத் தர்றோம் சார்’ என்பார்கள். அந்த அறை வேண்டாம். உங்கள் பெட்டியில் ஏறும் பூச்சி அடுத்த வீட்டுக்கும் உங்களோடு குடிவரும்.

குளியலறைக் குழாயை இரண்டு நிமிடம் திறந்துவிடுங்கள். முதலில் வரும் கலங்கல் தெளிகிறதா? கையில் சோப்பைத் தேய்த்தால் நுரை வருகிறதா? நுரையே வராமல் திரிந்துபோனால் உப்புத் தண்ணீர். இரண்டு மாதத்தில் தலைமுடியும் துணியும் பதில் சொல்லும். குடிக்கத் தனியாகக் கேன் தண்ணீர் தருகிறார்களா, அதற்குக் காசு யார் கொடுப்பது என்று கேட்டுவிடுங்கள்.

கரண்ட் போனால் அறையில் ஃபேன் ஓடுமா, அல்லது வராண்டா விளக்கு மட்டும்தானா? ஜெனரேட்டர், லிஃப்ட் மோட்டார், தண்ணீர் பம்ப் ஆகியவற்றுக்குப் பக்கத்து அறை வேண்டாம். மேஜையும் நாற்காலியும் இல்லாத அறையில் ஒரு மாதத்துக்கு மேல் வேலை செய்ய முதுகு ஒத்துழைக்காது. பழைய மேஜை ஒன்று கீழே கிடந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

கடைசியாக, வெளியேறும் வழி. 2019 பிப்ரவரியில் டெல்லி கரோல் பாக்கில் ஒரு சிறிய ஹோட்டலில் பற்றிய தீயில் 17 பேர் இறந்தார்கள். 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தீ பரவி உயிர்ப்பலி ஆனது. ஒரே ஒரு குறுகிய மாடிப்படி, அதன் அடியில் மீட்டர் பெட்டி, எல்லா ஜன்னலுக்கும் இரும்புக் கம்பி என்று இருக்கும் கட்டடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். ஒரு நாள் தங்குகிறவர் இதைக் கவனிக்காமல் விடலாம். நூறு இரவு தூங்கப் போகிறவர் விடக்கூடாது.

ரேட் பேசுவது

ஆன்லைன் செயலியில் ரேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் மாதக் கணக்குக்கு நேரில் போய்ப் பேசுங்கள். செயலி வழியாக வரும் அறைக்கு லாட்ஜ்காரர் கமிஷன் கொடுக்கிறார். நேரில் வரும் உங்களுக்கு அந்தக் கமிஷனைக் குறைத்துத் தருவதில் அவருக்கு நஷ்டமில்லை. முன்மேஜைப் பையனுக்கு மாத ரேட் சொல்ல அதிகாரம் இருக்காது. மேனேஜரோ ஓனரோ இருக்கும் நேரம் கேட்டுப் போங்கள். செவ்வாய், புதன் போல அறைகள் காலியாகக் கிடக்கும் நாள் நல்லது.

பேச்சு இப்படிப் போகலாம்:

‘சார், மாசத்துக்கு ரூம் எடுத்தா என்ன ரேட் போட்டுத் தருவீங்க?’

‘டெய்லி ஆயிரம் சார். நீங்க மாசக் கணக்குல கேக்குறீங்க, எட்நூறு போட்டுக்கலாம்.’

‘மூணு மாசம் இருக்கப் போறேன் சார். ஏசி வேண்டாம். பெட்ஷீட் வாரத்துக்கு ஒரு வாட்டி மாத்துனா போதும், டெய்லி ரூம் க்ளீனிங்கும் வேண்டாம். ஒண்ணாம் தேதி முழு மாசக் காசும் கையில குடுத்துர்றேன்.’

‘அப்போ எழுநூறு.’

‘அறுநூறுன்னா இப்பவே டோக்கன் குடுத்துட்டுப் போறேன். மேல் மாடி, பின்பக்க ரூமா இருந்தாலும் பரவாயில்ல.’

இதில் கவனிக்க வேண்டியது, வெறுமனே ‘குறைச்சுக்கோங்க’ என்று எங்கும் கெஞ்சவில்லை. லாட்ஜ்காரருக்குச் செலவு வைக்கும் ஒவ்வொன்றையும் விட்டுக்கொடுத்து, அவர் விரும்பும் முன்பணத்தையும் நிச்சயத்தையும் கொடுத்து, பதிலுக்கு ரேட்டைக் கேட்கிறோம். ஏசியை விடுவது பெரிய துருப்பு. வணிக மின் கட்டணம் கட்டுகிறவருக்கு உங்கள் ஏசிதான் பெரிய பயம்.

முன்பணம் ஒரு மாதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். இரண்டாவது மாதம் பிடிக்காமல் போனால் கிளம்ப முடிய வேண்டும். அந்தச் சுதந்திரத்துக்குத்தானே கூடுதல் வாடகை கொடுக்கிறீர்கள்? பேசி முடித்ததும், ரேட், காலம், ரேட்டில் அடங்கியவை, சமைக்க அனுமதி, விருந்தினர் வரலாமா என்ற ஐந்தையும் மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, ‘சரி’ என்று ஒரு பதில் வாங்கிக்கொள்ளுங்கள். மேனேஜர்கள் மாறுவார்கள். புதிதாக வருகிறவருக்கு உங்கள் பேச்சு தெரியாது.

பில், வரி, காகிதங்கள்

2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை ரூ.7,500 வரையிலான அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், முன்பு 12 சதவீதம். மேலே போட்ட மாதிரிக் கணக்கில் 18,000 க்கு ரூ.900. இதைச் சேர்த்தால் தனி ஆளின் ஐந்தரை மாத எல்லை ஐந்து மாதத்துக்குச் சற்று உள்ளே வந்துவிடும்.

ஆனால் பலருக்குத் தெரியாத விலக்கு ஒன்று உண்டு. 2024 ஜூலை 15 முதல், ஒருவருக்கு மாதம் ரூ.20,000 க்கு மிகாத தங்குமிட வாடகைக்கு, தொடர்ந்து குறைந்தது 90 நாள் என்ற நிபந்தனையோடு வரி விலக்கு அளிக்கப்பட்டது. மாணவர் விடுதிகளும் பி.ஜி.க்களும் பெரிதும் பயன்படுத்தும் விலக்கு இது. மூன்று மாதத்துக்கு மேல் இருக்கப் போவது உறுதி என்றால், மாதா மாதம் தனித்தனியாகப் பேசாமல் தொடக்கத்திலேயே 90 நாளைக் குறிப்பிட்டு எழுத்தில் வாங்கி, இந்த விலக்கில் பில் போட முடியுமா என்று லாட்ஜின் கணக்கரிடம் கேளுங்கள். இன்னொன்று: ஜி.எஸ்.டி. எண் அச்சிடாத பில்லில் வரி என்று தனியாக ஒரு பைசா வாங்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை.

பழைய வருமானவரி முறையில் இருப்பவர்கள் வாடகைப் படிக்காக ரசீது கேட்பார்கள். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண்ணும் வேண்டும். லாட்ஜ் பில்லை ஏற்பார்களா என்று கம்பெனியின் கணக்குப் பிரிவில் கேட்டுவிட்டுப் பிறகு அந்தச் சேமிப்பைக் கணக்கில் சேருங்கள்.

அடையாள அட்டை நகல் எல்லா லாட்ஜிலும் கேட்பார்கள். ஆதார் கொடுப்பதாக இருந்தால் முதல் எட்டு இலக்கங்கள் மறைத்த ஆதாரைப் பதிவிறக்கிக் கொடுங்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ள உறவினர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் லாட்ஜ்காரர் அதை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். ஆகவே சொல்லாமல் அழைத்து வராதீர்கள். திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்கச் சட்டத் தடை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் கோவை வழக்கு ஒன்றில் தெளிவாக்கிவிட்டது. ஆனாலும் லாட்ஜ்காரர் அறை கொடுக்க மறுக்கலாம். நடைமுறை அப்படி.

லாட்ஜ் பில் முகவரிச் சான்று ஆகாது. ஆதாரிலும் ரேஷன் அட்டையிலும் சொந்த ஊர் முகவரியே இருக்கட்டும். வங்கிக்கு மட்டும், தற்போதைய முகவரி வேறு என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் போதும். பாஸ்போர்ட் விண்ணப்பம், போலீஸ் விசாரணை போன்றவற்றை லாட்ஜ் வாசத்தின் நடுவில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: லாட்ஜில் நீங்கள் வாடகைக் குடித்தனக்காரர் அல்ல, விருந்தினர். வீட்டு வாடகைச் சட்டம் தரும் பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது. அறையைக் கேட்டால் கொடுக்க வேண்டியதுதான். நகை, அசல் சான்றிதழ்கள், பத்திரம் எதையும் அறையில் வைக்காதீர்கள். இரண்டு பெட்டிக்கு மேல் சாமான் சேர்க்காதீர்கள்.

சாப்பாடும் துணியும்

சமைக்க அனுமதி இருந்தால் எலெக்ட்ரிக் கெட்டிலும் சின்ன ரைஸ் குக்கரும் போதும். சாதம், கஞ்சி, கிச்சடி, முட்டை, உப்புமா எல்லாம் குக்கரிலேயே ஆகும். இண்டக்‌ஷன் ஸ்டவ் 2,000 வாட் வரை இழுக்கும். பழைய வயரிங் உள்ள லாட்ஜில் அதைப் போட்டால் மாடி முழுக்க ட்ரிப் ஆகி, எல்லா அறைக் கதவும் திறக்கும். அனுமதி கேட்கும்போதே எத்தனை வாட் என்று சொல்லிக் கேளுங்கள். ஐந்து கிலோ சின்ன சிலிண்டர் முகவரிச் சான்று இல்லாமலே கிடைக்கிறதே என்று வாங்கிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைப்பது குற்றத்துக்குச் சமம், செய்யாதீர்கள்.

அனுமதி இல்லையென்றால் மெஸ். கல்லூரிகளும் அலுவலகங்களும் உள்ள பகுதி என்பதால் மாதக் கணக்கில் சாப்பாடு போடும் மெஸ்களுக்குப் பஞ்சமில்லை. முன்பணம் கட்டும் முன் ஒரு வாரம் காசு கொடுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு உண்டா, ஊருக்குப் போகும் நாட்களைக் கழிப்பார்களா என்று கேளுங்கள். பள்ளிக்கரணை 2011 முதல் சென்னை மாநகராட்சியின் பெருங்குடி மண்டலத்தில் இருப்பதால் அம்மா உணவகங்களும் கைகொடுக்கும். இட்லி 1 ரூபாய், பொங்கல் 5, சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3, இரண்டு சப்பாத்தி 3. காலை டிபனை மட்டும் அங்கே மாற்றிக்கொண்டாலே மாதம் ஆயிரத்துக்கு மேல் மிச்சமாகும்.

துணியை லாட்ஜின் சலவைக்குப் போட்டால் உருப்படிக்குக் காசு. உள்ளாடை, டி-ஷர்ட்டை நீங்களே துவைத்து, மொட்டை மாடிக் கொடியில் காயப்போட அனுமதி வாங்குங்கள். சட்டை, பேன்ட்டைத் தெருமுனை இஸ்திரிக் கடையில் கொடுங்கள். ரூம் பாய்க்கு மாதம் நூறு, இருநூறு தனியாகக் கொடுத்துவிடுங்கள். பார்சல் வந்தால் வாங்கி வைப்பதும், தண்ணீர் நிற்கப் போவதை முன்கூட்டிச் சொல்வதும் அந்தத் தம்பிதான்.

மழைக்காலம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தப் பகுதியில் தங்குகிறவர்களுக்குத் தனி விதி: தரைத்தளம் கூடாது. தென்சென்னையின் ஏரிகளிலிருந்து வழியும் தண்ணீர் வந்து சேரும் இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022 இல் சேர்ந்த, சுமார் 1,248 ஹெக்டேர் நிலம் அது. சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி கட்டடமும் குப்பைமேடும் ஆகிவிட்டதால், கன மழையில் தண்ணீர் தேங்க இடமின்றித் தெருவுக்கு வருகிறது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெரும்பாக்கம் பகுதிகள் நாள் கணக்கில் தண்ணீரில் நின்றன.

அறை பார்க்கும்போதே பக்கத்துப் பெட்டிக்கடைக்காரரிடம் ‘மிக்ஜாம் அப்போ இங்க எவ்ளோ தண்ணி நின்னுச்சு அண்ணே?’ என்று கேளுங்கள். லாட்ஜ்காரர் இல்லை என்பார். கடைக்காரர் முழங்காலைத் தொட்டுக் காட்டுவார். ஜெனரேட்டரும் தண்ணீர் மோட்டாரும் தரைமட்டத்தில் இருக்கும் லாட்ஜில், மாடியில் இருந்தாலும் கரண்ட்டும் தண்ணீரும் இல்லாமல்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். பைக்கை எங்கே ஏற்றி நிறுத்துவது என்பதையும் அப்போதே பார்த்துவையுங்கள்.

வெளியேறும் தேதி

அமெரிக்காவில் வாரக் கணக்கில் மோட்டல்களில் வாழும் குடும்பங்களைப் பற்றி அடிக்கடி எழுதுகிறார்கள். வீட்டு வாடகையைவிட அதிகமாக மோட்டலுக்குக் கொடுக்கிறார்கள். அதனாலேயே வீட்டுக்கு முன்பணம் சேர்வதில்லை. சேராததால் மோட்டலிலேயே தொடர்கிறார்கள். பள்ளிக்கரணையிலும் அந்தச் சுழலில் மாட்டுவது சுலபம். லாட்ஜ் வசதியாக இருக்கிறது, மேனேஜர் பழகிவிட்டார், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று எட்டாவது மாதமும் ஓடிவிடும்.

அதனால் குடிவந்த அன்றே, உங்கள் கணக்கில் விழுந்த எல்லைத் தேதியைச் செல்போன் காலண்டரில் போடுங்கள். அதற்கு ஆறு வாரம் முன்பு இன்னொரு நினைவூட்டல்; வீடு தேடத் தொடங்கும் நாள் அது. சில மாதம் உள்ளூரில் இருந்ததால் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும், எந்த வீட்டுக்காரர் தகராறு என்று அதற்குள் தெரிந்திருக்கும். இஸ்திரிக் கடை, மளிகைக் கடை, மெஸ் மூலம் கேட்டாலே புரோக்கர் இல்லாமல் வீடு கிடைக்க வாய்ப்பு அதிகம். மாதிரிக் கணக்கில் அதுவே 12,000 மிச்சம்.

கூடவே தனி வங்கிக் கணக்கு ஒன்றில் மாதா மாதம் பணம் ஒதுக்குங்கள். அட்வான்ஸும் புரோக்கர் கூலியும் சேர்ந்த 72,000 ஐ ஐந்து மாதத்தில் சேர்க்க மாதம் 14,400 வேண்டும். முழுவதும் முடியாவிட்டால் முடிந்ததைப் போடுங்கள். வட்டிக்கு வாங்கும் தொகையாவது குறையும். இரண்டு மாதம் தொடர்ந்து அந்தக் கணக்கில் எதுவும் போட முடியவில்லை என்றால் லாட்ஜ் உங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்று அர்த்தம். எல்லைத் தேதிவரை காத்திருக்காமல் அடுத்த ஒண்ணாம் தேதியே பி.ஜி.க்கு மாறிவிடுங்கள்.

காலி செய்யும் நாளுக்கு ஒரு வாரம் முன்பு மேனேஜரிடம் எழுத்தில் சொல்லுங்கள். முன்பணத்தைக் கடைசி மாத வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்வது, பிறகு திருப்பிக் கேட்டு நடப்பதைவிடச் சுலபம். அறையை ரூம் பாயோடு சேர்ந்து சுற்றிப் பார்த்து, உடைசல் எதுவும் இல்லை என்று ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு, பாக்கி இல்லை என்று பில்லில் எழுதி வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள். மேனேஜரின் எண்ணை அழித்துவிடாதீர்கள். அடுத்து ஊரிலிருந்து சொந்தபந்தம் வைத்தியத்துக்கு வரும்போது பழைய ரேட்டுக்கே அறை கேட்கலாம்.

கையோடு வைத்துக்கொள்ள

– தனி ஆள், பகிர ஆட்சேபணை இல்லை: லாட்ஜ் வேண்டாம், பி.ஜி.
– சமைக்கலாமா என்பது ரேட்டுக்கு முந்திய கேள்வி.
– அறையை மாலையில் பாருங்கள். மெத்தைத் தையல், குழாய்த் தண்ணீர், மாடிப்படி மூன்றையும் விடாதீர்கள்.
– முன்பணம் ஒரு மாதம் மட்டும், பேசியது எழுத்தில்.
– 90 நாள் உறுதி என்றால் வரி விலக்கைக் கேளுங்கள்.
– மழைக்காலத்தில் முதல் மாடிக்குக் கீழே வேண்டாம்.
– எல்லைத் தேதி குடிவந்த அன்றே காலண்டரில்.
– அட்வான்ஸ் கணக்கில் ஏறும் பணம்தான் உண்மையான சேமிப்பு.